சைக்கிள் சீட் வலி: எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள்

முதல் முறையாகத் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியே முட்டுக்காடு வரை சைக்கிளில் போய்த் திரும்பினேன். மொத்தம் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கால் வலிக்கவில்லை, பெரிதாக மூச்சும் வாங்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை ஆபீஸில்தான் விஷயம் தெரிந்தது. நாற்காலி நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் மத்தியானம் வரை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "என்ன சார், மூலமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு கடைக்குப் போய், சீட்டின் மேல் மாட்டுகிற ஜெல் கவர் ஒன்று வாங்கினேன். கட்டை விரலால் அழுத்தினால் மெத்தை மாதிரி உள்ளே போனது. இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அதே பாதையில் போனபோது பழைய வலி அப்படியே இருந்தது. கூடவே கானத்தூர் தாண்டும்போது கால் இடுக்கில் மரத்துப் போனது. கவர் இங்கும் அங்கும் நழுவியதில் தொடையின் உள்பக்கம் தோலும் வழன்றுவிட்டது. ஒரு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் மூன்றாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறோம். சீட்டில் வலித்தால் சீட் கெட்டியாக இருப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டி, பஞ்சு தேடிப் போகிறோம். ஆனால் "சீட் வலி" என்று ஒரு வலி கிடையாது. எலும்பு வலி ஒன்று, நரம்பு மரத்துப் போவது ஒன்று, தோல் புண் ஒன்று. மூன்றும் வேறு வேறு இடத்தில் வருபவை, வேறு வேறு காரணத்தால் வருபவை. ஒன்றுக்குச் செய்கிற மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எலும்பு வலி

கெட்டியான மர ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் இரண்டு முண்டு அழுத்தும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. உட்காரும் எலும்பு என்று வைத்துக்கொள்வோம். நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே இருக்கும் எலும்புகள் இவை. சைக்கிள் சீட்டிலும் எடை இவற்றின் மேல்தான் இறங்க வேண்டும்.

அப்படி இறங்கினாலும் ஆரம்பத்தில் வலிக்கும். அந்த எலும்புகளை மூடியிருக்கும் சதை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நேரம் அழுத்தத்தைப் பார்த்தது கிடையாது. வெறுங்காலில் நடந்து பழகாதவர் முதல் நாள் சரளைக்கல்லில் நடந்தது போலத்தான். இந்த ஒரு வலி மட்டும் பழகப் பழகப் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி முக்கால் மணி நேரம் ஓட்டினால் போதும். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மகாபலிபுரம் கிளம்புகிறவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஞாயிறுதான்.

இன்னொரு விஷயம் உண்டு. சைக்கிளில் உடல் எடை மூன்று இடங்களில் இறங்குகிறது: பெடல், ஹேண்டில்பார், சீட். பெடலை அழுத்தி மிதிக்க மிதிக்க உடம்பு கொஞ்சம் மேலே தூக்கப்படும், சீட்டின் மேல் பாரம் குறையும். புதியவர் மெதுவாக, லேசாக மிதிப்பார். அதனால் எடை முழுக்கச் சீட்டிலேயே மூட்டை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நல்ல வேகத்தில் போகிறவர்கள் பலகை போன்ற சீட்டில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்கள் எடையில் ஒரு பங்கைக் காலில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. கால் பலம் ஏறும்போது பின்பக்க வலி தானாகக் குறைவதற்கும் இதுதான் காரணம்.

சரி, ஜெல் கவர் ஏன் உதவவில்லை? மெத்தென்ற சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு இரண்டும் உள்ளே அமிழும். அமிழ்ந்த பஞ்சு எங்கே போகும்? நடுவில் பிதுங்கி மேலே வரும். அங்கேதான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. எலும்பு தாங்க வேண்டிய பாரத்தை மெல்லிய சதை தாங்கத் தொடங்குகிறது. கடையில் நின்று விரலால் அழுத்திப் பார்க்கும் அரை நிமிடத்தில் இது தெரியாது, 15-வது கிலோமீட்டரில் தெரியும். இலவம்பஞ்சு சோபாவில் நாள் முழுக்கச் சாய்ந்திருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதே, அதே கதைதான்.

அதனால் முக்கியம் சீட்டின் அகலம். உங்கள் எலும்பு இரண்டும் சீட்டின் மேல் முழுசாக உட்கார வேண்டும். சீட் குறுகலாக இருந்தால் எலும்புகள் இரண்டு ஓரமும் வழிந்து, நடுச்சதை சீட்டின் முதுகில் ஏறிக்கொள்ளும். ரொம்ப அகலமாக இருந்தால் தொடை ஒவ்வொரு மிதிக்கும் ஓரத்தில் உரசும்.

எலும்பு இடைவெளியை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஆன்லைனில் பொருள் வாங்கினால் வருகிறதே, உள்ளே அலை அலையாக மடிப்பு வைத்த பழுப்பு அட்டைப் பெட்டி, அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான ஸ்டூலில் அதை வைத்து, மெல்லிய ஷார்ட்ஸோ லுங்கியோ கட்டிக்கொண்டு அதன் மேல் உட்காருங்கள். பாதத்துக்கு அடியில் நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி முழங்கால் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி வைத்து, முன்னால் சாய்ந்து, ஸ்டூலின் அடியைக் கையால் பிடித்து உடம்பைக் கீழே இழுங்கள். அரை நிமிடம் போதும். எழுந்து, அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே லேசாகத் தேயுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை ஒட்டாது. எனக்கு இரண்டு புளியங்கொட்டை அளவுக்குத்தான் பள்ளம் விழுந்தது. ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளந்தால் 118 மில்லிமீட்டர். பெரும்பாலானவர்களுக்கு 100-க்கும் 150-க்கும் இடையில் வரும்.

இந்த அளவோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை கூட்டினால் உங்களுக்கான சீட் அகலம். நல்ல சீட்டுகளின் அடியில் அல்லது பெட்டியில் அகலம் அச்சிட்டிருக்கும். என் சைக்கிளோடு வந்த சீட்டின் அகலம் 130. எனக்கு வேண்டியது 140-ஐ ஒட்டி. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கா இவ்வளவு ரகளை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் செருப்பில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடையாது, யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு கூட்டுவது என்பது நீங்கள் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. உட்காரும் எலும்புகள் இரண்டும் உண்டிவில்லின் கவையைப் போல, பின்னால் அகன்று முன்னால் நெருங்கி வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அகன்ற பகுதி சீட்டில் படும். ஹேண்டில்பாரை நோக்கிக் குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் உருண்டு, நெருங்கிய பகுதி படும். அதனால்தான் குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளில் குறுகலான, கெட்டியான சீட்டும், தபால்காரர் ஓட்டிய கறுப்புச் சைக்கிளில் இரண்டு ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டும் இருக்கின்றன. தபால்காரரின் முதுகு நேராக இருந்தது. எடை முழுக்க நேர் கீழே இறங்கியது. அதற்கு அந்த அகலமும் ஸ்பிரிங்கும் சரி. அதே சீட்டைக் கொண்டுவந்து ரேஸ் சைக்கிளில் மாட்டினால் தொடை உரசியே உயிர் போகும். "தாத்தா காலத்து சீட் மாதிரி இப்போது வருவதில்லை" என்று புலம்புகிறவர்கள் சீட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள், தாத்தா உட்கார்ந்த விதத்தை மறந்துவிட்டார்கள்.

தோல் சீட் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-ல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் இன்றும் தடித்த மாட்டுத் தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சீட்டுகளைச் செய்கிறது. அதில் பஞ்சே கிடையாது. புதிதில் பலகைதான். பல நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், எலும்பு படும் இரண்டு இடங்களில் மட்டும் தோல் தளர்ந்து குழி விழுந்து, ஓட்டுகிறவரின் அச்சாகவே மாறிவிடும். நெடுந்தூரம் போகிறவர்களில் பலர் இதன் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் மழையில் நனையக் கூடாது, அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும், எடையும் அதிகம். கார்த்திகை மாதத்துச் சென்னையில் அதைப் பராமரிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

மரத்துப் போவது

எலும்பு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றேன். இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கால் இடுக்கின் நடுப்பகுதியில் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கின்றன. சீட்டின் மூக்கு அந்த இடத்தை அழுத்தினால் முதலில் ஊசி குத்துவது போல இருக்கும், பிறகு உணர்ச்சியே இருக்காது. எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு முறையும் மரத்துப் போகிறது என்றால், சீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது. இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்ட வைத்துப் பார்த்தது. 2008-ல் முடிவு வெளியானது. மரத்துப் போவது வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த மாதிரி சீட் இங்கே எளிதில் கிடைக்காது, வளைவில் சைக்கிளைக் கட்டுப்படுத்தவும் கொஞ்சம் பழக வேண்டும். ஆனால் நடுவில் நீளப் பள்ளமோ ஓட்டையோ விட்ட சீட்டுகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. பலருக்கு அதுவே போதும்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். சீட் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால், சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கெட்டி அட்டை நோட்டை வைத்து அதன் மேல் போனை வைத்தால், போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதி கோணத்தைச் சொல்லிவிடும். சைக்கிள் நிற்கும் தரை சமமாக இருக்க வேண்டும், அது முக்கியம். எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மழைநீர் ஓடுவதற்காக வைத்த சரிவை மறந்து, ஒரு மணி நேரம் தப்பாக அளந்துகொண்டிருந்தேன்.

மூக்கு மேலே தூக்கியிருந்தால் கீழே இறக்குங்கள். சமமாக வைத்தும் மரத்துப் போனால் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி மட்டும் மூக்கைத் தாழ்த்திப் பார்க்கலாம். நல்லதுதானே என்று ஒரேயடியாகச் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். கையால் தள்ளித் தள்ளிப் பின்னால் வர வேண்டியிருக்கும். பின்பக்க வலி மணிக்கட்டுக்கு மாறும், அவ்வளவுதான்.

ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதே பிரச்சினை வரும். எட்டிப் பிடிக்க நாமே அறியாமல் சீட்டின் மூக்குக்கு நகர்ந்துவிடுகிறோம். மூக்கு உட்காருவதற்கான இடம் அல்ல. சீட்டைத் தாங்கும் இரண்டு கம்பிகளில் அதை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்த முடியும். அது போதாவிட்டால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்ற வேண்டும்.

அப்புறம், எழுந்து நில்லுங்கள். 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று இருபது முப்பது மிதி மிதியுங்கள். அழுத்தம் விலகியதும் ரத்தம் திரும்பப் பாயும். நம் ஊர்ச் சாலைகளில் இதற்கு மணி அடித்து நினைவூட்டவே வேண்டாம், வேகத்தடைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. வேகத்தடையோ பள்ளமோ வந்தால் உட்கார்ந்தபடியே ஏற்றி இறக்காமல், பெடல் இரண்டையும் சமமாக வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி எழுந்துகொள்ளுங்கள். சீட் உங்களைக் குத்துவதற்குப் பதில் காற்றைக் குத்திவிட்டுப் போகட்டும்.

உயரம்

சீட் உயரத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முழங்கால் வலியைத்தான் சொல்வார்கள். பின்பக்கப் புண்ணுக்கும் அதுதான் பெரிய காரணம். சீட் அதிக உயரத்தில் இருந்தால், பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சரியும். வலது, இடது, வலது, இடது. நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 4,200 சுற்று, சுற்றுக்கு இரண்டு தேய்ப்பு. தோல் என்ன ஆகும்? பின்னால் வருகிற நண்பரிடம் உங்கள் இடுப்பைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆடினால் தெரிந்துவிடும்.

எளிய வழி இது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். அப்போது முழங்கால் சரியாக நேராக வேண்டும். பிறகு, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால், தேவையான சின்ன மடிப்பு தானாக வந்துவிடும். கணக்காகவே வேண்டும் என்கிறவர்களுக்கு, மூன்று முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் அறியப்படும் ஒரு சூத்திரம் உண்டு. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டிப் புத்தகத்தைக் கால் இடுக்கில் மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த அளவு. உள்கால் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இரண்டு வழியும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டன. கிடைத்த உயரத்தில், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். சர்வீஸுக்கு விட்டுத் திரும்ப வாங்கும்போது சீட் அதே உயரத்தில் வரும் என்று நம்ப வேண்டாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் கொஞ்சமாக மாற்றுங்கள். உயரமென்றால் 5 மில்லிமீட்டர். இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. உயரம், சாய்வு, முன்பின் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வலி போனாலும் எதனால் போனது என்று தெரியாது.

தோல் புண்

ஈரம், சூடு, உராய்வு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தோல் வழன்றுவிடும். சென்னையில் காலை ஆறு மணிக்கே முதல் இரண்டும் தயார். உராய்வை நாம் கொண்டுபோகிறோம்.

பெரும்பாலும் உடையில்தான் கொண்டுபோகிறோம். ஜீன்ஸைத் திருப்பிப் பாருங்கள். நான்கு தையல்களும் தடித்து வந்து கூடும் முடிச்சு சரியாக எங்கே இருக்கிறதோ, அங்கேதான் நீங்கள் சீட்டில் உட்காருகிறீர்கள். பருத்தி ஜட்டி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அதன் ஓரத்து எலாஸ்டிக் தொடை மடிப்பில் கோடு போடும். வியர்வை காய்ந்தால் உப்பு மிஞ்சும். ஈரத்தில் ஊறிய தோலில் உப்பும் தையலும் சேர்ந்து உரசுவதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குத்தான் பேடட் ஷார்ட்ஸ். உடம்போடு ஒட்டி நகராமல் இருக்கும் துணி, உள்ளே வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய பேட். பஞ்சு மெத்தைக்காக இதைப் போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் தையல் இல்லாத, ஈரம் தங்காத ஒரு பரப்பைத் தருவதுதான் இதன் வேலை. அதனால் பேட் எவ்வளவு தடிமன் என்று பார்த்து வாங்காதீர்கள். போட்டுக்கொண்டு சைக்கிளில் உட்காரும் நிலையில் குனிந்து பாருங்கள். எங்கும் மடிப்பு விழக் கூடாது. நிற்கும்போது கொஞ்சம் சங்கடமாக, இறுக்கமாக இருந்தால் சரியான சைஸ்தான். தோளில் மாட்டும் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ் இன்னும் நல்லது. பட்டை பேட்டை இடத்தில் பிடித்து வைக்கும், வயிற்றில் எலாஸ்டிக் வெட்டாது. இயற்கை உபாதைக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பேடட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. போட்டால் தையலும் ஈரமும் திரும்ப உள்ளே வந்துவிடும், கொடுத்த காசு வீண். நான் மூன்று மாதம் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். உடம்பு தெரிகிறதே என்று கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தளர்ந்த அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

நெடுந்தூரம் போகும்போது உரசும் இடங்களில் கிரீம் தடவுவார்கள். கடையில் ஷாமி கிரீம் என்று கேட்டால் தருவார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஐரோப்பிய மலைகளில் ஆட்டைப் போல இருக்கும் ஒரு விலங்கு ஷாமி. அந்தக் காலத்தில் கம்பளி ஷார்ட்ஸுக்குள் அதன் மெல்லிய தோலைத்தான் வைத்துத் தைத்தார்கள். துவைத்துக் காயப்போட்டால் தோல் வரட்டி மாதிரி விறைத்துவிடும், அதை இளக்கவே கிரீம். இன்று பேட் செயற்கைத் துணியில் வருகிறது, கிரீம் மட்டும் துணியிலிருந்து நம் தோலுக்கு மாறிவிட்டது. வாசலின் தடவினாலும் வேலை செய்யும், துவைக்கும்போது சீக்கிரம் போகாது என்பதுதான் குறை. தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பரவாயில்லை. டால்கம் பவுடர் வேண்டாம். வியர்வை பட்டதும் உருண்டை உருண்டையாகத் திரண்டு, மணல் மாதிரி உரசும்.

ஓட்டி முடித்த பிறகு நடப்பதுதான் பலருக்குப் புண்ணைக் கொண்டுவருகிறது. ஞாயிறு காலை கூட்டமாக ஓட்டிவிட்டு, டிபன் கடையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, இரண்டாவது காபி வரை அரட்டை. அந்த ஒரு மணி நேரமும் ஈர ஷார்ட்ஸ் உடம்போடு ஒட்டியிருக்கிறது. கிருமிகளுக்கும் அது டிபன் நேரம்தான். மாற்று உடை கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடுங்கள். ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்து, பேட் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, நன்றாகக் காயவிடுங்கள். "போன வாரம் ஒரு மணி நேரம்தானே போட்டேன்" என்பதெல்லாம் நடக்காது. அந்த இடத்தில் முடியை மழிக்கவும் வேண்டாம். மழித்த மயிர்க்காலில் உராய்வு பட்டால் கிருமி நுழைய வாசல் திறந்துவிட்ட மாதிரி.

கிருமி நுழைந்தால் அடுத்தது கட்டி. சாதாரணமாக நினைக்காதீர்கள். அயர்லாந்துச் சைக்கிள் வீரர் ஷான் கெல்லி 1987-ல் ஸ்பெயின் நாட்டின் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தார். முடிய இன்னும் மூன்றே நாள். சீட் உராய்ந்து வந்த கட்டியால் உட்கார முடியாமல் பந்தயத்தை விட்டு இறங்கினார். கொலம்பியாவின் லூச்சோ எர்ரேரா ஜெயித்தார். கெல்லி அடுத்த ஆண்டு திரும்பி வந்து அதே பந்தயத்தை வென்றார் என்பது வேறு. அவருக்கு அது தொழில். நமக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

தோல் சிவந்து எரிந்தால் இரண்டு மூன்று நாள் சைக்கிளைத் தொடாமல் இருங்கள், அந்த இடத்தைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருங்கள். பெரும்பாலும் அதிலேயே ஆறிவிடும். சின்னதாகக் கட்டி வந்தால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த துணியால் 10, 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்கக் கூடாது. கட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த இடத்துத் தோலில் சுண்ணாம்பு பட்டால் வெந்து போகும், அம்மா எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். கட்டி பெரிதானாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெண்களுக்கு

உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிட அதிகம். ஆனால் சராசரி என்பது சராசரிதான். எங்கள் குழுவில் ஓட்டும் ஒரு தோழி, பெட்டியில் "பெண்களுக்கானது" என்று எழுதியிருந்ததை நம்பி அகலச் சீட் வாங்கித் தொடை உரசலோடு ஆறு மாதம் ஓட்டினார். அட்டையில் அளந்தபோது அவருக்கும் எனக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். குனிந்து ஓட்டும்போது முன்பக்க மென்சதையில் அழுத்தம் வருவது பெண்களுக்கு அதிகம் கேட்கும் புகார். நடுவில் ஓட்டை விட்ட, மூக்கு குட்டையான சீட் பெரும்பாலும் உதவுகிறது. பேட்டும் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு வடிவத்தில் வருகிறது, பார்த்து வாங்குங்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரம் உரசிப் புண்ணாவது உண்டு. பலர் அந்த நாட்களில் மாதவிடாய்க் கப்புக்கு மாறியதும் இந்தத் தொல்லை போய்விட்டது என்கிறார்கள்.

டயர்

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று. டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். கல் மாதிரி காற்று அடித்தால் வேகமாகப் போகலாம் என்று நினைத்து, டயரின் ஓரத்தில் போட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிக்கிறோம். சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் நேரே சீட் வழியாக முதுகெலும்புக்கு ஏறும். எடைக்கும் டயர் அகலத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குறைந்தபட்ச அளவும் டயர் ஓரத்திலேயே பெரும்பாலும் போட்டிருக்கும், அதற்குக் கீழே போனால் பஞ்சர்தான். உங்கள் சைக்கிளில் 28 மில்லிமீட்டரோ 32-ஓ அகலமுள்ள டயருக்கு இடமிருந்தால், புது சீட் வாங்குவதற்கு முன்னால் அதை யோசிக்கலாம்.

அந்த ஜெல் கவர் வீணாகவில்லை. அப்பாவின் பழைய கறுப்புச் சைக்கிளில் மாட்டினேன். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஒரு கிலோமீட்டர், நிமிர்ந்த முதுகு, வேட்டி, மெதுவான மிதி. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை நழுவிவிடுகிறது என்று மட்டும் சொல்கிறார், சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்.